கொளத்தூரில் கொஞ்சம் கடல்

சென்னைக்கு வருகிறவர்கள் கடல் பார்க்க மெரினாவுக்குப் போவார்கள். கடல் மீனைக் கலர் கலராக, உயிரோடு பார்க்கணும் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வில்லிவாக்கம் ரயில் ஏற வேண்டும். ஸ்டேஷனில் இறங்கி, "கொளத்தூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "மீன் வாங்கவா?" என்று எதிர்க்கேள்வி வரும். குழம்புக்கு அல்ல!

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருக்களில் நடப்பது ஒரு தனி வித்தை. கையில் பாலிதீன் பையை விளக்கு மாதிரி தூக்கிப் பிடித்தபடி அப்பாக்கள். பைக்குள் இருப்பதை முறைத்துப் பார்த்தபடி குழந்தைகள். கப்பி, மோலி, ஏஞ்சல், டீ கிளாஸ் அகல பாட்டிலில் தனிக்குடித்தனம் நடத்தும் ஃபைட்டர். (இரண்டு ஃபைட்டரை ஒரே பாட்டிலில் போட்டால் என்ன ஆகும் என்பது ஒரே ரூமைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சுலர்களுக்குத் தெரியும்.) இதில் முக்கால்வாசி, சுற்றுவட்டாரத்துச் சிமென்ட் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவை. எல்லாம் நல்ல தண்ணீர் மீன்.

உப்புத் தண்ணீர்க் கடைகள் கொஞ்சம்தான். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும். நீல விளக்கு, மெல்லிய கடல் வாசனை, 'கையை விடாதீர்' போர்டு. என்னோடு வந்த ஆபீஸ் நண்பர் ஆரஞ்சுப் பட்டை போட்ட கிளவுன் மீனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து எல்லோரும் நிற்கும் இடம் அதுதானாம்.

"அண்ணே, இது ரெண்டு, அந்த நீலக் கலர் ஒண்ணு... பேக் பண்ணுங்க."

"தொட்டி ரெடியா தம்பி?"

"இனிமேதான் வாங்கணும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப தொட்டியை மட்டும் வாங்கிட்டுப் போங்க. மீனுக்கு ஒண்ணரை மாசம் கழிச்சு வாங்க" என்றார். வியாபாரத்தைத் தள்ளிப்போடும் கடைக்காரரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். இதுதான் சின்னக் கடல். விளிம்பு வரை 88 லிட்டர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், டி.வி. ஸ்டாண்டின் ஓரத்தில் வைக்கிற சமாசாரம் இல்லை.

"தண்ணிக்கு மெரினாவுல ரெண்டு கேன் மொண்டுக்கலாமே?" என்றார் நண்பர். அந்தப் பீச்சுக்கு வடக்கே கூவம், தெற்கே அடையாறு கலக்கிறது. மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கென்றே வரும் உப்பை, லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேலாகக் கலக்க வேண்டும். அளவுமானியில் 1.025 காட்டினால் கடல் ரெடி. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்ததுதான் கடல்.

தொட்டி வற்றும்போது பலர் மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றுவார்களாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே? உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாசத்தில் மீனுக்கு ஊறுகாய் ஜாடி!

சரி, ஒண்ணரை மாசம் ஏன்? மீனின் கழிவும் மிச்சச் சாப்பாடும் அம்மோனியா ஆகும். அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதைச் சாப்பிட்டு நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் அடங்கி இருக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை காலித் தொட்டியில் துளித் துளியாகத் தீனி போட்டு, டெஸ்ட் கிட்டை வைத்துக்கொண்டு வெறும் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். அவசரப்பட்டு முதல் நாளே மீனை விட்டவர்கள் பலரும் மூன்றாவது வாரத்தில் காலித் தொட்டியை விற்க இதே தெருவுக்கு வருகிறார்கள்.

நண்பருக்கு இன்னொரு ஆசை. "கல்லு மட்டும் இருந்தா மொட்டையா இருக்குமே. உயிர்ப் பவளம்?"

இது வேறு விவகாரம். 2001-லிருந்து இந்தியாவில் பாறை கட்டும் பவளம் அத்தனையும், கருப்புப் பவளமும், கடல் விசிறியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலி இருக்கிற பட்டியலில். தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை. கடல் குதிரைக்கும் அதே கதி. இருந்தாலும், குரலைத் தாழ்த்தி "பீஸ் இருக்கு சார்" என்று சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. நம் கடைக்காரர் அந்த ரகம் இல்லை. "மண்டபம் பக்கம் போயிருக்கீங்களா? ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வந்து கேளுங்க" என்றார்.

போனோம். பாம்பன் பாலம் தாண்டி குந்துகால். 1897-ல் விவேகானந்தர் கப்பலில் வந்து இறங்கிய இடம் இதுதான், மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள். 1986-ல் இவற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் இருபத்தொன்றையும் எண்ணிப் பார்க்க முடியாது. தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லியும், கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். படகு படகாகக் கல் வந்த காலம் அது. 2000-களின் நடுவில்தான் ஓய்ந்தது.

வெட்டு நின்றது, வெயில் நிற்கவில்லை. பவளப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. சோறு போடுவதும் கலர் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கொதித்தால், பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் பட்டினிச் சாவு. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவில் இது திரும்பத் திரும்ப நடந்தது. படகிலிருந்து எட்டிப் பார்த்தபோது பழுப்பும் பச்சையுமாக உயிருள்ள திட்டுகள், அவற்றுக்கு இடையே சாம்பல் நிறத்தில் உடைந்த கொம்புகள். மாடு தின்னாத கரும்புச் சக்கை மாதிரி கிடந்தன. நண்பர் திரும்பும்வரை பவளம் பற்றிப் பேசவில்லை.

மண்டபத்தில் பேச வேண்டிய நல்ல விஷயமும் உண்டு. 1947-ல் ஆரம்பித்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பு இங்கிருந்துதான் இயங்கியது. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போனாலும் மையம் இங்கே இருக்கிறது. கிளவுன் மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையை இங்கே கைவசப்படுத்தியிருக்கிறார்கள். முட்டைக்குக் காவல் அப்பா மீன். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டியபின் குஞ்சு பொரியும். அந்தப் பொடிசுகளுக்கு முதல் ஆகாரம் ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர். பண்ணையில் பிறந்த மீன் குருணைத் தீனிக்குப் பழகியது. கடலில் பிடித்ததைவிட வீட்டுத் தொட்டியில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவை உண்டு. பைக் லோனைவிட நீண்ட கமிட்மென்ட் என்பதை வாங்குமுன் யோசிக்கவும்.

கிளவுன் மீனின் குடும்பம் நம் ஆபீஸ் மாதிரி. பெரியது ஒன்றுதான் பெண், அது மேனேஜர். அடுத்தது ஆண். மற்றதெல்லாம் டெம்பரரி ஸ்டாஃப். மேனேஜர் மண்டையைப் போட்டால் ஆண் மீன் பிரமோஷன் பெற்றுப் பெண்ணாகிவிடும். டெம்பரரிகளில் சீனியர் ஆணாகும். பரிந்துரைக் கடிதம் எதுவும் செல்லாது.

நண்பர் இப்போது தொட்டி வைத்திருக்கிறார். பவளம் கிடையாது. சட்டத்தில் வராத செராமிக் கல்லை அடுக்கி, பச்சைக் கடல்பாசி ஒரு கொத்து, நத்தை நாலு. பண்ணைக் கிளவுன் இரண்டு. நீல மீன் இல்லை. அது ஓரடி வரை வளரும், ரெண்டடித் தொட்டியில் அதை அடைப்பது பஸ்ஸில் யானை ஏற்றுவது போல. மே மாதம் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டபோது மேலே ஒரு குட்டி ஃபேன் மாட்டினார். ரெண்டு மூணு டிகிரி இறங்கியது. கரன்ட் போனால் மூச்சு முட்டும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் எப்போதும் ரெடி.

மீன் வந்த அன்று கடைக்காரர் சொன்னபடியே செய்தார். பையைப் பிரிக்காமல் இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மெல்லிய ட்யூபில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து உள்ளே விட்டார். பைத் தண்ணீர் சிங்க்கில் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டோம். முதல் நாள் சாப்பிடாது, பயப்படாதீங்க என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு நண்பரிடமிருந்து போன்: "சாப்பிட்டுடுச்சு!"