வெள்ளிமலைக்குப் போகும் விசிறி

பாராமோட்டார் என்பது முதுகில் மாட்டிக்கொள்ளும் ராட்சத விசிறி. தலைக்கு மேல் துணிச் சிறகு, பின்னால் பெட்ரோல் இன்ஜினும் புரொப்பெல்லரும். 2016-ல் இந்திய விமானப் படைக் குழு ஒன்று மேற்கு வங்கத்தின் கலைகுண்டாவில் கிளம்பி, இதில் 10,000 கிலோமீட்டருக்கு மேல் நாட்டைச் சுற்றி வந்தது. அத்தனை தூரம் பறக்கும் மெஷினைச் சென்னையிலிருந்து கல்வராயன் மலைக்குத் தரைவழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு!

எடை 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். அரை சிமென்ட் மூட்டைதான். ஆனால், புரொப்பெல்லரைச் சுற்றியுள்ள கூண்டு காரின் கதவுக்குள் நுழையாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

ரயிலில் அனுப்பலாமா? பைக்கை பார்சலில் போட்டவர்களுக்குத் தெரியும், டேங்கில் சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. சின்னசேலத்தில் இறக்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். சொந்த வண்டிதான் வசதி.

கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வெட்டவெளியில் பெட்ரோலை கேனில் இறக்கிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து காயவிட வேண்டும். இன்ஜின் ஆறியதும் முதல் வேலை, ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்குவது. அதன்பிறகே புரொப்பெல்லரில் கை வைக்கலாம். புரொப்பெல்லருக்குப் பழைய போர்வை போதும். துணிச் சிறகு தனிப் பையில், பெட்ரோல் வாடையே படாமல் வர வேண்டும். போல்ட், வாஷர் எல்லாம் ஒரே டப்பாவில். அந்த டப்பா டிக்கியில் அல்ல, மடியில்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்தால், தியாகதுருகம் தாண்டி கள்ளக்குறிச்சி. 2019-ல் தனி மாவட்டமான ஊர். பெட்ரோல், டூ-ஸ்ட்ரோக் ஆயில், மறந்துபோன ஸ்பேனர் எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிட வேண்டும். கச்சிராயபாளையம், கோமுகி அணை கடந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மேலே போய் போல்ட் தேடினால் கதை கந்தல்தான்.

வெள்ளிமலையில் இறங்கி மறுபடி பூட்டும்போதுதான் உயிர் விஷயம். ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும், சுற்றும் புரொப்பெல்லர் கூண்டையும் கிழிக்கும், சிறகின் கயிறையும் அறுக்கும். அதனால் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிர் போல்ட்டாக, இன்ஜின் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். தரையில் சில நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்து, மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். 3,000 அடி உயரத்தில் காற்று மெலிவு என்பதால் இன்ஜின் பலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஊரில் பறந்த கணக்கு இங்கே உதவாது.

நினைத்த இடத்தில் ஓடிக் கிளம்பவும் முடியாது. விமானப் போக்குவரத்துத் துறை அனுமதி வேண்டும். காடு என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். வெட்டவெளியாகத் தெரிவது ஒரு மலையாளிக் குடும்பத்தின் சாமைக் காடாகவோ மரவள்ளித் தோட்டமாகவோ இருக்கும். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை.

விடிகாலையில் காற்று அடங்கியிருந்தால் சிறகை விரிக்கலாம். இல்லையென்றால் மெஷின் மூட்டையிலேயே கிடக்கட்டும். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போய்வர புரொப்பெல்லர் எதற்கு?