கந்தோர் வீட்டுக்குள் வந்தபோது

அன்பிற்குரிய பங்கு உறவுகளே,

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உங்களுள் ஒரு சகோதரி கணவரோடு வந்தார். "பாதர், இவர் காலமை எட்டு மணிக்கு அறைக்குள்ள போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியில வாறார். வேலையால வந்திட்டாரோ இல்லையோ எண்டு எனக்கே தெரியிறேல்லை" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அறைவீட்டுக்குத் திரும்பிய பின்னர், நான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அவர் சொன்னது எனக்கும் முழுமையாகப் பொருந்தும். ஆகவே, அவ்விருவரின் இசைவோடு இதனை எழுதுகிறேன். இதனை அறிவுரையாகக் கொள்ளாமல், உங்களைப் போலவே வீட்டிலிருந்து வேலை செய்து தவறிய ஒருவனின் ஒப்புதலாகக் கொள்ளுங்கள்.

என் தந்தையார் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். எங்கள் வீட்டில் அலுவலகம் என்ற சொல் வழக்கில் இருந்ததில்லை. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'கந்தோர்' என்ற சொல்லைத்தான் பெரியவர்கள் பயன்படுத்தினார்கள். காலையில் வெள்ளைச் சட்டை அணிந்து, சாப்பாட்டுப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்து அப்பா புறப்படுவார். மாலையில் திரும்பிவந்து சைக்கிளை மதிலோடு சாய்த்துவிட்டு, சாரத்துக்கு மாறி, கிணற்றடிக்குப் போவார். முகமும் கைகாலும் கழுவி அவர் நிமிரும்போது கந்தோர் அவரை விட்டுப் போயிருக்கும். அதன்பின் அவர் எங்களுக்கு மட்டுமே உரியவர். அங்கே அவருக்கும் மனத்தாங்கல்களும் மேலதிகாரிகளின் கடுஞ்சொற்களும் இருந்திருக்கும். அவற்றுள் ஒன்றுகூட எங்கள் காதுக்கு எட்டியதில்லை. மூன்று மைல் வீதி அவருக்காக அந்த வேலையைச் செய்துகொடுத்தது என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன்.

குருவானவருக்கு அத்தகைய வீதி கிடையாது. அவர் உறங்கும் வீடே அவரது பணிமனையும் ஆகும். நம் ஊரில் அதற்கு 'அறைவீடு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். முன்னறையில் மேசையும் பதிவேடுகளும் இருக்கும். பின்னறையில் கட்டில் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அப்படித்தான் வாழ்ந்து வருகிறேன். 2020 மார்ச் 17ஆம் நாள் ஒன்ராறியோ அரசு அவசரகால நிலையை அறிவித்து, நீங்கள் மடிக்கணினிகளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, "இது எனக்குப் பழகிய வாழ்க்கைதானே" என்று சற்றுப் பெருமையோடு எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. எங்கள் பங்குப் பணிமனை ஆலய மண்டபத்தின் பக்கத்தில் இருந்தது. அறைவீட்டிலிருந்து வாகனத் தரிப்பிடத்தைக் கடந்தால் நாற்பது எட்டு. பனிக்காலத்தில் அந்த நாற்பது எட்டுக்காகச் சப்பாத்தும் மேலங்கியும் அணிவதை நான் முறுமுறுத்துக்கொண்டே செய்வேன். அங்கே ஒரு செயலாளர், அழைப்பு மணி, திருமுழுக்குச் சான்றிதழுக்காகக் கதிரைகளில் காத்திருக்கும் மனிதர். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி நடப்பேன். அந்த நாற்பது எட்டுத்தான் என் தந்தையின் மூன்று மைல் என்பது, அதை இழந்த பின்புதான் புரிந்தது.

பணிமனை பூட்டப்பட்டது. செயலாளர் தம் வீட்டிலிருந்து பணியாற்றினார். நான் என் படுக்கையறையில் ஒரு சிறு மேசையைச் சன்னலோரம் போட்டேன். மறைக்கல்வி ஆசிரியர் கூட்டம், திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளையோர், பத்துப் பேருக்கு மேல் கூட முடியாத இறுதிச் சடங்குகள் குறித்த பேச்சு, யாவும் அந்தத் திரைக்குள் வந்து சேர்ந்தன. பின்னர் ஆலயக் கதவுகள் திறந்தன. என் பணிமனையோ படுக்கையறையிலேயே தங்கிவிட்டது. வசதியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவுமில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வதன் முதற்சோதனை புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில், கெல்லியா என்னுமிடத்தில், துறவியர் பலர் தனித்தனி அறைகளில் வாழ்ந்தனர். கெல்லியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'அறைகள்' என்பதுதான் பொருள். செபம், உறக்கம், கைத்தொழில் யாவும் அறைக்குள்ளேயே. அவர்களோடு வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்பவர், துறவியை நண்பகலில் தாக்கும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியுள்ளார். கிரேக்கத்தில் அதற்கு 'அகீடியா' என்று பெயர். நம் கணக்கில் ஏறத்தாழ காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை அது ஆளைப் பிடிக்கும். சூரியன் நகராததுபோல் தோன்றும். துறவி அடிக்கடி சன்னலைப் பார்ப்பார். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து பார்ப்பார். எவராவது தம்மைக் காண வருகிறார்களா என்று நோக்குவார். பின்னர் இருக்கும் இடமும் செய்யும் வேலையும் வெறுத்துப்போகும்.

கொழும்புத்துறைக் குருமடத்தில் இதனைப் படித்துப் பரீட்சையும் எழுதினேன். பாலைவனத்துப் பழைய துறவியரின் விநோதம் என்று அன்று எங்களுக்குள் நகைத்துக்கொண்டோம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், ஸ்காபரோவில், முற்பகல் பதினொன்றரை மணிக்கு, மூன்றாவது முறையாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த விநோத மனிதன் நானேயென அறிந்தேன். காலையில் வீணான பொழுதை இரவில் ஈடுசெய்ய முயன்றேன். பத்து மணிக்கும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். "பாதர் எவ்வளவு உழைக்கிறார்" என்று நீங்கள் வியந்தீர்கள். மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

இனிச் சொல்லவேண்டியதே கடினமானது.

அந்நாள்களில் அறைவீட்டில் என்னோடு ஓய்வுபெற்ற மூத்த குருவானவர் ஒருவர் வாழ்ந்தார். எண்பதைக் கடந்தவர், அயர்லாந்து வழிவந்தவர். மாலை நான்கு மணிக்கு அவருக்குத் தேநீர் வேண்டும், அதைவிடப் பேச்சுத்துணை வேண்டும். முன்பு நான் பணிமனையில் இருக்கும்போது அவர் என்னை அழைத்ததே இல்லை. நான் வீட்டிலேயே இருக்கத் தொடங்கியதும் மகிழ்ந்துபோனார். நான்கு மணிக்கு என் கதவை இரண்டு முறை தட்டி, மெல்லத் திறந்து, "தேநீர் ஆயத்தம்" என்பார். காதில் ஒலிவாங்கியோடு இருக்கும் நான் ஒரு கையை உயர்த்தித் திரையைக் காட்டுவேன். அவர் தலையசைத்துக் கதவைச் சாத்துவார். சில நாள்களில் உண்மையிலேயே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வேறு சில நாள்களில் நான் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கையை உயர்த்தினேன்.

அவர் தட்டுவதை எந்த நாளில் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அவர் தட்டுவதில்லை என்பதையே நான் பல வாரங்களின் பின்னர்தான் கவனித்தேன். சமையலறையில் வானொலியைப் போட்டுவிட்டுத் தனியே தேநீர் அருந்தப் பழகியிருந்தார். 2021இன் இலையுதிர் காலத்தில் அவரது உடல்நிலை தளர்ந்து, பராமரிப்பு இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தது. புறப்படும் காலையில் என் கையைப் பற்றி, "இந்த வீட்டில் நீர் எப்போதும் வேலையில் இருந்தீர்" என்றார். அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

அதன்பிறகே சில மாற்றங்களைச் செய்தேன். முதலில் மேசையைப் படுக்கையறையிலிருந்து அகற்றி முன்னறைக்குக் கொண்டுபோனேன். காலை எட்டரைக்கு முன்வாசலால் வெளியேறி, தெருவை ஒருமுறை சுற்றி, அதே வாசலால் 'வேலைக்கு' வருகிறேன். மாலையிலும் அவ்வாறே. முதல் வாரம் அயலவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். இப்போது கையசைக்கிறார்கள். வீட்டில்தானே என்று சாரத்தோடு அமர்வதை விட்டு, உடுத்தியே அமர்கிறேன். நோயிற்பூசுதலுக்கான அவசர அழைப்புக்கு மட்டும் தொலைபேசியில் வேறு ஒலி வைத்திருக்கிறேன். அது எந்நேரமும் ஒலிக்கும். மற்றவை காலைவரை காத்திருக்கும்.

நான்கு மணிக்கு ஒரு மணியும் ஒலிக்கிறது. குருமாணவனாக இருந்தபோது தோலகட்டி ஆச்சிரமத்துக்குச் சென்ற நினைவிலிருந்து அதைப் பெற்றேன். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையினரின் இல்லம் அது. மணி ஒலித்ததும் சகோதரர்கள் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததைக் கண்டேன். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் வகுத்த முறையும் அதுவே. வேலைக்கும் வாசிப்புக்கும் உரிய நேரங்களை அவர் பிரித்துக் கொடுத்தார். மணி கேட்டதும் கையிலுள்ளதை விட்டு வரவேண்டும் என்றும் விதித்தார். வீட்டிலேயே வேலை செய்பவருக்கு மனவுறுதி மட்டும் போதாது, தம் விருப்பத்துக்கு வெளியே ஒலிக்கும் ஒரு மணியும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

"எங்களிடம் முன்னறை ஏது, பாதர்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வீடு சந்திக்க வரும்போது கண்டிருக்கிறேன். வீட்டுக்கடனுக்காகப் பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுத்திருப்பீர்கள். மேலே அம்மம்மாவும் அப்பப்பாவும் இருப்பார்கள். ஒருவர் கட்டிலின் ஓரத்தில் கணினியை வைத்திருப்பார். இன்னொருவர் அமைதி வேண்டிக் கராஜில் நிற்கும் காருக்குள் அமர்ந்து கூட்டத்தில் பேசுவார். தனியறை வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்வது பொருளற்றது. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே வேலை செய்யும் ஒரு தாய், ஐந்து மணிக்குக் கணினியை அலுமாரிக்குள் வைத்து, மேசையைத் துடைத்து, விரிப்பு விரிக்கிறார். விரிப்பு விழுந்தால் அம்மா வந்துவிட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த விரிப்பு அவரது நாற்பது எட்டு.

இன்னொன்றையும் கண்டிருக்கிறேன். கணவனும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் இல்லங்களில், பெரும்பாலும் கதவுள்ள அறை கணவருக்கும் சமையலறை மேசை மனைவிக்கும் கிடைக்கிறது. அவர் வேலையில் இருக்கிறார் என்று வீடு அடங்கி நடக்கும். இவரோ வீட்டில்தான் இருக்கிறார் என்று எல்லோரும் அழைப்பார்கள், மாமியாரின் மருந்து உட்பட. சகோதரர்களே, வாரத்தில் இரண்டு நாளாவது இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அரசும் இவற்றைக் கண்டுகொள்ளத்தான் செய்தது. 2020ஆம் ஆண்டுக்கான வருமான வரியில், வீட்டிலிருந்து வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் 2 டொலர் வீதம், 400 டொலர் வரை கழிக்க எளிய வழியொன்றைக் கனடா வருமானவரி முகவரகம் தந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உச்சவரம்பு 500 டொலராயிற்று. அதன்பின் அவ்வழி நின்றுவிட்டது. ஒன்ராறியோவில் 2021இல் நிறைவேறிய சட்டம், 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் வேலையிலிருந்து துண்டித்துக்கொள்வது பற்றி எழுத்துமூலக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டு வாசியுங்கள். ஆனால் கொள்கை இருக்கவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. கணினியை மூடும் கை உங்களுடையதாகவே இருக்கவேண்டும்.

களஞ்சியங்களிலும் முதியோர் இல்லங்களிலும் இரவுப் பணி செய்யும் உங்களுள் பலருக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பே இல்லை என்பதையும் மறக்கவில்லை. "வீட்டில இருக்கிற ஆக்களுக்கு என்ன கஷ்டம்" என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு. நீங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது பிள்ளை ஓடிவருகிறதல்லவா, அது அவர்களுக்கு இல்லை என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

அந்த மூத்த குருவானவரை இப்போது வியாழக்கிழமைகளில் நான்கு மணிக்குச் சென்று பார்க்கிறேன். தேநீரை நானே கொண்டுபோகிறேன். பல பெயர்கள் அவருக்கு மறந்துவிட்டன. என் பெயரும் சில நாள்களில் வருவதில்லை. ஆனால் நான் கதவை இரண்டு முறை தட்டி உள்ளே போனதும், நிமிர்ந்து பார்த்து, "கூட்டம் முடிந்துவிட்டதா?" என்று கேட்கிறார். முடிந்துவிட்டது என்கிறேன்.

சென்ற ஞாயிறு என்னோடு சிரித்த சகோதரருக்கு ஒரு வேண்டுகோள். நாளை மாலை அறையைவிட்டு வெளியே வாருங்கள். முகம், கைகால் கழுவுங்கள். பிறகு சமையலறை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் வேலையால வந்திட்டன்" என்று சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மறுநாளும் சொல்லுங்கள்.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குத்தந்தை