வயல்வழி வந்த ஒளியிழை

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கில் லங்காஸ்டர் என்னும் பழைய நகரம் உள்ளது. அங்கிருந்து லூன் ஆற்றையொட்டிப் பதினாறு கிலோமீட்டர் அளவில் சென்றால் ரே என்னும் சிற்றூரை அடையலாம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாங்கள் இருவரும் அங்கே பத்து நாள் தங்கினோம். எங்கள் தம்பி மகள் லங்காஸ்டரில் செவிலியராகப் பணி புரிகிறாள். அவளுடைய இல்லம் ரே ஊரின் எல்லையில் உள்ளது.

கோட்டைகளைப் பற்றியும் பேராலயங்களைப் பற்றியும் எழுதுவோம் என எதிர்பார்க்கும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் மனத்தைக் கவர்ந்தது அவ்வூர் வயல்களின் அடியில் புதைந்து கிடக்கும் தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழைதான்.

இழையைப் பற்றிச் சொல்லுமுன் மகளின் துயரத்தைச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டில் அவள் வேறொரு மலைச்சரிவில் தனித்த வீடொன்றில் குடியிருந்தாள். வாடகை குறைவு, சுற்றிலும் ஆட்டு மந்தைகள், கண்ணுக்கினிய காட்சி. இணைய வசதி உண்டு என்றே விளம்பரத்தில் கண்டிருந்தது. ஆனால் அது தொலைபேசிக்கென்று எந்தக் காலத்திலோ இழுத்த செப்புக் கம்பியின் வழியாக வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூடச் செப்புக் கம்பியில் இணையத்தின் வலு குன்றிக்கொண்டே போகும். அவள் வீடோ கம்பியின் கடைக்கோடியில் இருந்தது.

அவ்வாண்டு மே திங்களில் எங்கள் தம்பி சிறுமலை அடிவாரத்துத் தம் வீட்டில் நோயுற்றுக் கிடந்தார். பெருந்தொற்றுக் காலத்துப் பயணத் தடைகளால் மகள் வர இயலவில்லை. கைப்பேசியின் திரையில்தான் தந்தையும் மகளும் பேசினார்கள். இறுதி நாளன்று அவர் ஏதோ சொல்லத் தொடங்கியபோது படம் உறைந்து நின்றது. மீண்டும் இணைப்புக் கிடைப்பதற்குள் அவர் நினைவிழந்துவிட்டார். "அப்பா சொன்னதில் பாதிதான் வந்தது, பெரியப்பா" என்று எங்களிடம் அவள் கூறியபோது நாங்கள் என்ன மறுமொழி சொல்வது?

அதன்பின் தாயார் தனியரானார். நாள்தோறும் அவரோடு பேச வேண்டும் என்பதற்காகவே அவள் வேறு வீடு தேடினாள். அங்கே 2020 மார்ச் முதல் நொடிக்குப் பத்து மெகாபிட் வேகமுள்ள இணைப்பைக் கேட்டுப் பெறும் சட்டவுரிமை மக்களுக்கு உண்டு. எனினும் செலவு 3,400 பவுண்டுக்கு மேற்பட்டால் மிகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். மலைமேல் தனித்திருக்கும் வீட்டிற்கு அச்சட்டம் எட்டாக் கனியாகிவிடலாம்.

வீடு பார்க்கும்போது அவள் கற்றுக்கொண்ட பாடம் நம்மவர்க்கும் பயன்படும். விளம்பரத்தை நம்பாமல் அவள் அண்டை வீட்டாரைக் கேட்டாள்: வீட்டுக்குள் வருவது செப்பா, கண்ணாடி இழையா? எல்லாரும் ஒருசேரப் பயன்படுத்தும் மாலை வேளையில் தடைப்படுகிறதா? பழுதானால் எத்தனை நாளில் வந்து பார்க்கிறார்கள்? ரே ஊரில் மூன்றாம் கேள்விக்கு ஒரு முதியவர் சிரித்தாராம். "நாங்களே தோண்டிப் புதைத்தது, அம்மா. எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியும்" என்றாராம்.

அம்முதியவரை நாங்களும் கண்டோம். ஆடு வளர்க்கும் உழவர். தம் நிலத்தின் வழியே எங்களை அழைத்துச் சென்று வரலாற்றைக் கூறினார்.

லூன் பள்ளத்தாக்கில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. சில இல்லங்களுக்காக நெடுந்தூரம் சாலையை வெட்டிக் குழாய் பதிக்க வணிக நிறுவனங்கள் முன்வரவில்லை. ஆகவே 2011ஆம் ஆண்டில் மக்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். 'நாட்டுப்புற வடபகுதிக்கான பிராட்பேண்ட்' என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் 'பார்ன்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அச்சொல்லுக்குக் களஞ்சியக் கொட்டில் என்று பொருள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்பில் வல்லவராகப் பணியாற்றிய பேரி ஃபோர்டும், ரே ஊர் உழவர் குடும்பத்துப் பெண்மணி கிறிஸ் காண்டரும் அதன் முன்னோடிகளுள் இருவர்.

சாலையைத் தோண்டுவதற்குத்தான் பெருஞ்செலவு. ஆகவே இழையை வயல்வழியே கொண்டுசெல்லத் தீர்மானித்தார்கள். நில உடைமையாளர்கள் கட்டணம் பெறாமல் வழிவிட்டார்கள். டிராக்டர் வைத்திருந்தவர் டிராக்டரையும், மண்வெட்டி வைத்திருந்தவர் மண்வெட்டியையும் கொண்டுவந்தார். காரையின்றி அடுக்கிய கல் மதில்கள் குறுக்கிட்ட இடங்களில் கற்களைப் பிரித்து, குழாயைப் பதித்து, மீண்டும் அடுக்கினார்கள். பதித்த குழாய்க்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி இழையை ஊதி அனுப்புகிறார்கள். நூல் போன்ற அவ்விழையில் ஒளியே செய்தியைச் சுமந்து ஓடுகிறது. தூரத்தால் செப்புக்கு நேரும் தளர்ச்சி பள்ளத்தாக்கின் அளவில் அதற்கு இல்லை. நொடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகம். அனுப்புவதற்கும் அதே வேகம், பெறுவதற்கும் அதே வேகம். தொடக்கத்தில் மாதக் கட்டணம் 30 பவுண்டு. இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ளன.

பணத்திற்குப் பங்குகள் விற்றார்கள். எத்தனை பங்கு வாங்கினாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. அந்நாட்டில் சிற்றூராட்சிக்கும் 'பாரிஷ்' என்றே பெயர். நம் ஆலயப் பங்கைக் குறிக்கும் அதே சொல்! வேலை பாரிஷ் பாரிஷாக நடந்தது என்று கேட்டபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

"எல்லாரும் உடனே இசைந்தார்களா?" என்று வினவினோம்.

முதியவர் சற்றுத் தயங்கினார். "எனக்கும் அடுத்த பண்ணையாருக்கும் பல ஆண்டுகள் பேச்சில்லை. குழாய் அவர் நிலத்தைக் கடந்துதான் என் வீட்டிற்கு வரவேண்டும். நான் போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் மண்வெட்டியோடு வந்து நின்றார்" என்றார்.

அவ்வூரை 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் ரோபர்ன் ஆறு பெருக்கெடுத்துத் தாக்கியது. ஆற்றோர வீடுகள் இடிந்து வீழ்ந்தன. தோளோடு தோள் நிற்பதை அம்மக்கள் அன்றே அறிந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

அங்கே மாலை நான்கரை மணியாகும்போது சிறுமலை அடிவாரத்தில் இரவு ஒன்பது. மகள் தாயை அழைப்பாள். அவள் பக்கத்து முகம் கண்ணாடியில் தெரிவதுபோல் தெளிவாயிருக்கும். தாயின் படமோ இடையிடையே உறைந்துவிடும். செல்பேசிக் கோபுரத்தின் அலை வீட்டுக்குள் சரிவர எட்டாததால் அவர் மொட்டைமாடியில் நின்று பேசுவார். மழை வந்தால் பேச்சு நின்றுவிடும். இழை ஒரு முனையில் மட்டும் இருந்து என்ன பயன்?

லூன் பள்ளத்தாக்கில் சங்கம் தோன்றிய அதே 2011இல்தான் நம் நடுவண் அரசும் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு இசைவளித்தது. பின்னர் அது 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்வது நோக்கம். எங்கள் ஊராட்சி அலுவலகம்வரை இழை வந்துவிட்டது. அங்கிருந்து தம்பியின் வீடு முக்கால் கிலோமீட்டர்தான். அந்த முக்கால் கிலோமீட்டர்தான் எவருடைய பொறுப்பாகவும் இல்லாமல் கிடந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் அத்தெருவாரை ஒன்று கூட்டினோம். பத்து வீடுகளாவது சேர்ந்தால் இணைப்புத் தருவதாகக் கேபிள்காரர் சொன்னார். எட்டு வீட்டார் அன்றே இசைந்தார்கள். மறுவாரம் இருவர் சேர்ந்தனர். ஆனால் வழியில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதன் உரிமையாளரோடு எங்கள் தம்பிக்கு வரப்புத் தகராறு. சாவுக்கும் அவர் வரவில்லை.

கால்கள் கூசின. எனினும் ரே ஊர் முதியவரை நினைத்துக்கொண்டு போய்க் கேட்டோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை அப்பாகிட்ட கடைசியா பேச முடியலையாமே" என்றார். நான்கு கம்பங்களுக்கு இடம் விட்டதோடு, குழி தோண்ட ஆளும் தந்தார்.

இப்போது தம்பி மனைவி கூடத்தில் அமர்ந்தே மகளோடு பேசுகிறார். மின்சாரம் நின்றால் இணைப்பும் நின்றுவிடும். அதற்கொரு சிறு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறோம். சென்ற மழையிரவில் தாயும் மகளும் செபமாலை முழுவதையும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.