பிற்பாட்டுப் பாடிய பிறந்தநாள்

கலைஞர் ஒருவருக்கு விழா எடுப்பது எங்ஙனம் என்பதை நம்மவர் நன்கறிவர். மேடையின் நடுவே உயர்ந்த நாற்காலி. அதிலே மாலைகளின் பாரத்தால் அசையவும் இயலாது அமர்ந்திருக்கும் முதியவர். அவரைச் சூழ ஏழெட்டுப் பேச்சாளர். பொன்னாடை, வாழ்த்துப்பா, சிறப்பு மலர், ஈற்றில் நன்றியுரை. ஐம்பது ஆண்டுகள் பாடியவர் அன்று ஒருநாள் மட்டும் வாய் திறவாதிருப்பார். இதனைக் குறையென்று கூற எமக்கு உரிமையில்லை. இத்தகைய விழாக்கள் சிலவற்றை நாமே முன்னின்று நடத்தியிருக்கிறோம். அமெரிக்கப் பாடகர் பீற் சீகரின் தொண்ணூறாவது பிறந்தநாள் விழாவின் ஒளிப்பதிவைக் கண்ட அன்றுதான் எம் நெஞ்சு சற்றே உறுத்தலாயிற்று.

அவ்விழா 2009ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி நியூயோர்க் நகரிலுள்ள மடிசன் ஸ்குயர் கார்டன் என்னும் பேரரங்கில் நடைபெற்றது. ஜோன் பயெஸ், புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், ஆர்லோ கத்ரி எனப் புகழ்பெற்றோர் பலர் மேடையேறினர். பாராட்டுக்குரியவரோ நாற்காலியைத் தேடவில்லை. மெலிந்து நெடிதுயர்ந்த உருவம்; கையிலே நீண்ட கழுத்துடைய பான்ஜோ வாத்தியம். குரல் ஏறக்குறையப் போய்விட்டது. ஆயினும் என்ன? பாட்டின் ஓரடியை அவர் பேசுவதுபோற் சொல்லிக்கொடுப்பார். மறுகணம் அரங்கில் உள்ளோர் அனைவரும் அதனை ஏந்திப் பாடுவர். எமது நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுக்கப் பிற்பாட்டுக்காரர் தொடர்வார்களே, அதே முறைதான். கூத்தில் பிற்பாட்டுக்கு நால்வர். இங்கோ காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்த ஆயிரக்கணக்கானோர்.

முதுமை காரணமாக அவர் கைக்கொண்ட உபாயம் இது என்று எண்ணலாகாது. வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது இதுவே. 1919இல் சங்கீத ஆராய்ச்சியாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1938இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிப் பின்னர் வூடி கத்ரி என்னும் நாடோடிப் பாடகருடன் கூடி ஊர் ஊராய்த் திரிந்தார். வித்தையைப் பொத்தி வைக்கும் வித்துவான்களை நாம் கண்டிருக்கிறோம். இவரோ பான்ஜோ வாசிக்கும் முறையை 1948இல் தாமே றோனியோ பண்ணிப் புத்தகமாக வெளியிட்டார். 1955இல் மலர்கள் எங்கே போயின என்று வினவும் போர் எதிர்ப்புப் பாட்டை, ஷோலகோவின் டொன் நதி நாவலிற் கண்ட சில வரிகளின் தூண்டுதலால் இயற்றினார். அவர் இயற்றியவை மூன்று கண்ணிகளே. ஜோ ஹிக்கர்சன் என்பார் பின்னர் மேலும் இரண்டைச் சேர்த்தார். ஆக்கியோன் கோபங்கொள்ளவில்லை; பாட்டு நிறைவெய்தியது என்று மகிழ்ந்து, வருவாயிலும் அவருக்குப் பங்கு கொடுத்தார்.

அதே 1955ஆம் ஆண்டில்தான் அவருக்குச் சோதனை வந்தது. பொதுவுடைமையாளரை வேட்டையாடிய காலம் அது. ஆகஸ்ட் 18ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவொன்று அவரை அழைத்து, யாருடன் சேர்ந்தார், எவர் முன்னே பாடினார் என்று வினவியது. தமது கொள்கையையும் நட்பையும் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை என மறுத்த அவர், பாடல்களைப் பற்றி வேண்டுமானாற் பேசுகிறேன் என்றார். குழுவினருக்குப் பாட்டில் நாட்டம் இருக்கவில்லை. 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மறு ஆண்டு மேல்நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. ஆயினும் பெரிய தொலைக்காட்சி நிலையங்களின் கதவுகள் 1967 வரை அவருக்குத் திறக்கவில்லை. (ஸ்டாலினின் கொடுமைகளைக் காணத் தவறியமைக்காக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தியதையும் இங்கு சொல்லிவிடுதல் நேர்மை.)

தடையுண்ட பாடகர் என்ன செய்வார்? பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சிறுவர் முகாம்களுக்கும் சென்றார். கேட்ட பிள்ளைகளை வெறுமனே இருக்கவிடாது பாடவும் வைத்தார். 2009இல் அந்த அரங்கிலே நரைத்த தலையுடன், தாளைப் பார்க்காமற் பாடினோர் பலர் அன்றைய அப்பிள்ளைகளே எனக் கொள்வது பிழையாகாது என்பது எம் கருத்து. அவரை மௌனமாக்க முயன்றோர் அவருக்குப் பிற்பாட்டுக்காரரைத் தேடிக் கொடுத்துவிட்டனர்!

விழாவின் வருவாயும் அவருக்கன்று, ஹட்சன் நதிக்கு. கழிவு நிறைந்து நாறிய அந்நதியின்மீது மக்களுக்கு அன்பு பிறக்கவேண்டுமென்று, 1969இல் நண்பர்களுடன் சேர்ந்து 106 அடி நீளமான பாய்க்கப்பலொன்றை அவர் மிதக்கவிட்டார். 'கிளியர்வோட்டர்' என்பது அதன் பெயர். தொழிற்சாலைகள் பல்லாண்டுகளாகக் கொட்டிய நச்சு இரசாயனத்தை ஆற்றின் அடியிலிருந்து வாரி அகற்றும் வேலை, விழா முடிந்து பன்னிரண்டாம் நாள் தொடங்கியது.

2014 ஜனவரி 27ஆம் திகதி, தொண்ணூற்று நான்காம் வயதில் சீகர் மறைந்தார்.

எம் நெஞ்சு உறுத்தியது ஏன் என்பதையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எமதூர் அண்ணாவியார் ஒருவருக்கு நாம் விழா எடுத்தோம். தம்முடைய பிற்பாட்டுக்காரர் இருவரையும் மேடையில் இருத்தவேண்டும் என்பதே அவர் விடுத்த ஒரே கோரிக்கை. இருத்தினோம். ஆனாற் பேச்சுக்கள் நீண்டன, மண்டபக் காவலாளி திறப்புக் கோவையைக் குலுக்கிக்கொண்டு வாயிலில் வந்து நின்றான், நன்றியுரையுடன் முடித்துவிட்டோம். அடுத்த ஆண்டே அண்ணாவியார் காலமானார். நாம் வெளியிட்ட சிறப்பு மலர் இன்றும் எம்மிடம் உண்டு. வாழ்த்துச் செய்திகள் பதினொன்று. அவர் பாடிய தரு ஒன்றுகூட அதில் இல்லை.

பிற்பாட்டுக்காரருள் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஞாயிறு மாலைகளில் அயற்பிள்ளைகள் ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்கிறோம். அவருக்கும் குரல் இல்லை. அடியைச் சொல்கிறார், பிள்ளைகள் பாடுகிறார்கள். மத்தளம் அடிக்கத்தான் இன்னும் ஆள் கிடைத்தபாடில்லை.