லேமிங்டன் ரோட்டில் ஒரு திரை தேடி

லோன் செக்‌ஷன்ல உக்காந்தவங்களுக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும். "வெளிய 10 பர்சென்ட்டுக்குத் தர்றான் சார், ஃப்ளாட் ரேட்டு"ன்னு ஒருத்தர் வந்து நிப்பார். மூணு வருஷத்துக்கு 10 பர்சென்ட் ஃப்ளாட்டுன்னா, குறையுற பாக்கி மேல கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 18 வந்துடும். சொன்ன எண் பொய்யில்லை. எதுக்குப் பத்து பர்சென்ட்டுங்கறதை மட்டும் சொல்லாம விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

லேப்டாப் திரை விக்கிறதுலயும் அப்படியே இதே கதைதான்ங்க.

அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய்ல ஒரு லேப்டாப் பாருங்க. பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கும். கீழே கடைசியில பொடி எழுத்துல '45% என்டிஎஸ்சி'ன்னு ஒரு வரி. என்டிஎஸ்சிங்கறது 1953ல அமெரிக்காவுல கலர் டிவிக்குப் போட்ட கணக்கு. நாம எடுக்குற படம், வலையில பார்க்குற படம், லேப்ல பிரிண்டுக்குக் கொடுக்குற படம் எல்லாம் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபிங்கற கணக்குல ஓடுது. அது 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. என்டிஎஸ்சியில 72 இருந்தா எஸ்ஆர்ஜிபியில ஏறக்குறைய முழு நூறு. 45ன்னா அறுபத்திச் சொச்சம். மூணுல ஒரு பங்கு நிறம் திரையிலயே கிடையாது!

அதுல முதல்ல அடிபடுறது அழுத்தமான சிவப்பும் பச்சையும். அரக்குச் சேலை செங்கல் கலராத் தெரியும். நாம அதைப் பார்த்துட்டு கலரை ஏத்துவோம், ஏத்துவோம், ஏத்திக்கிட்டே இருப்போம். பிரிண்ட் வந்ததும் ரத்தக்களறி.

இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கிறேன்னு கேக்கலாம். ஒவ்வொரு ஜனவரியும் தாராவி 90 அடி ரோட்டுக்குக் கேமராவோட போறவன் நான். பொங்கலன்னைக்குக் காலையில ரோட்டோரமா வரிசையா அடுப்பு வெச்சுப் பொங்கல் வைப்பாங்க. நெல்லைப் பக்கத்துல இருந்து தலைமுறை தலைமுறையா வந்து உக்காந்த சனங்க. புகை, மஞ்சள் குலை, கரும்பு, புதுச்சேலை... மும்பையில இருக்கோம்ங்கறதே மறந்துபோகும். 2022 நவம்பர்ல தாராவி மறுசீரமைப்பு டெண்டர் அதானி குழுமத்துக்குப் போச்சு. 2024ல வீடு வீடா நம்பர் போட்டு சர்வே தொடங்கினாங்க. யாருக்கு எங்கே வீடு கிடைக்கும், அந்த ரோட்டுல இன்னும் எத்தனை பொங்கல்னு அங்க இருக்குறவங்களே பேசிக்கிறாங்க. நல்லது கெட்டது விவாதத்துக்கு நான் வரலை. படம் எடுத்து வெச்சா அது சரியா இருக்கணும், அவ்வளவுதான் என் கவலை.

சரியான்னா, முகமும் சேர்த்துத்தான். அங்க ஒரு ஆச்சி இருக்காங்க, எழுபது தாண்டியிருக்கும். பேரன் கல்யாணத்துக்கு யாரோ எடுத்த குடும்பப் படத்தைக் காட்டினாங்க. ஸ்டூடியோக்காரர் எல்லாரையும் வெள்ளையடிச்சு வெச்சிருந்தார். "இதுல நான் யாருன்னு சொல்லு பாப்போம் தம்பி"ன்னு சிரிச்சாங்க. நம்ம கறுப்புல ஒரு செம்மை உண்டு, வெயில் பட்டா ஒரு மினுக்கு உண்டு. மட்டமான திரையில அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். உடனே கை தானா வெளிச்சத்தை ஏத்தப் போகும். எல்லாப் பழியும் ஸ்டூடியோக்காரர் மனசு மேல இல்லை, பாதி அவர் மானிட்டர் மேலயும் இருக்கலாம்.

சரி, கடைக்கு வருவோம். ஒன்பது வருஷம் உழைச்ச பழைய லேப்டாப் மூச்சை நிறுத்தினதும், ஒரு நாலாவது சனிக்கிழமை (பேங்க் லீவு!) மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன்ல ஸ்லோ லோக்கல் பிடிச்சு கிராண்ட் ரோட்டுல இறங்கினேன். லேமிங்டன் ரோடு அங்கிருந்து நடை தூரம். பலகையில டாக்டர் பட்கம்கர் மார்க்னு இருக்கும், அப்படிச் சொல்லி வழி கேட்டா யாருக்கும் தெரியாது. பையில ஒரு பென்டிரைவ். அதுல நாலே படம்: ஆச்சி முகம், ஒரு அரக்குச் சேலை, கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் படிப்படியாப் போற ஒரு சாம்பல் பட்டை, முழுக்கக் கறுப்பா ஒரு படம்.

"அண்ணா, ஃபுல் ஹெச்டி ஹை, ஐபிஎஸ் ஹை!"ன்னார் கடைப் பையன். மும்பையில நம்மாளுங்க எல்லாருமே அண்ணாதான். ஐபிஎஸ்ன்னா பக்கவாட்டுல பார்த்தாலும் நிறம் மாறாது, நல்ல விஷயம்தான். ஆனா 45% திரைகள்லயும் ஐபிஎஸ் உண்டு. இதைக் கேட்டதும் அவர் முகம் மாறிடுச்சு. கடையில ஓடுற டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, நைட் லைட்டை அணைச்சு, நம்ம படத்தைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல வண்டவாளம் தெரிஞ்சுடும். அடுத்தடுத்து வெச்சிருந்த ரெண்டு லேப்டாப்புல ஒண்ணுல அரக்கு, இன்னொண்ணுல செங்கல்!

பிராண்டு பேரை நான் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. ஒரே பேர்ல, ஒரே வரிசையில நல்ல திரையும் மட்டமான திரையும் போட்டு விக்கிறாங்க. பெட்டி ஸ்டிக்கர்ல இருக்குற முழு மாடல் நம்பரை, கடைசி எழுத்து வரைக்கும், கம்பெனி தளத்துல போட்டுப் பார்த்தாத்தான் திரை விவரம் வரும். சாங்ஷன் லெட்டர் மாதிரி, முதல் பக்கத்தை விட பின்பக்க நிபந்தனைதான் முக்கியம்.

இந்த விலையில இப்போ ஓஎல்ஈடியும் கிடைக்குது. கறுப்பு நிஜமாவே கறுப்பா இருக்கு, பார்த்தா சொக்கிடும். ஆனா பளபளப்புக் கண்ணாடி. வெளிச்சத்தைக் குறைச்சா சிலது மினுக்கும், அது சிலர் கண்ணுக்கு ஆகாது. பகல் முழுக்க ஆபீஸ் ஸ்கிரீன் பார்த்த கண்ணுக்கு ராத்திரியும் சோதனை எதுக்குன்னு விட்டுட்டேன். வாங்குறவங்க எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கான்னு பார்த்துக்கங்க, இல்லேன்னா எல்லாப் படமும் ஜிகினா போட்ட மாதிரி தெரியும். மேக்புக் ஏர் திரை அருமை. ஆனா எம்4 மாடல் 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்தப்போ ஆரம்ப விலையே 99,900. நம்ம ரேஞ்சு இல்லை சாமி.

கடைசியில எடுத்தது 14 இஞ்ச், 16:10, 100% எஸ்ஆர்ஜிபி, 400 நிட்ஸ், மேட் திரை. பிராசஸர்ல ஒரு படி இறங்கிக்கிட்டேன். எக்ஸ்போர்ட் ஆக ரெண்டு நிமிஷம் கூட ஆனா டீ குடிச்சுக்கலாம், இல்லாத சிவப்பை டீ குடிச்சாலும் கொண்டுவர முடியாது. ரேம் மட்டும் 16 ஜிபிக்குக் குறையாம எடுங்க. நிறைய மாடல்கள்ல போர்டுலயே ஒட்டி வந்துடுது, பின்னாடி கூட்ட வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் செம்பூர் நண்பர் ஒருத்தர்கிட்ட கலர் அளக்குற கருவியைக் கடன் வாங்கித் திரையைச் சரி பண்ணேன். பிரிண்டுக்குப் போற படத்தை 400 நிட்ஸ்ல பார்த்துத் திருத்தினா பிரிண்ட் இருட்டா வரும். 100, 120ன்னு இறக்கி வெச்சுத்தான் வேலை பார்க்கணும். அப்புறம் ஆச்சி படத்தை 8க்கு 12ல போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "கழுத்துல கிடக்கறது கவரிங்குன்னு தெரியுதே தம்பி"ன்னாங்க. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிக்கச் சொன்னாங்க.