கடைசி இடத்துக்கு ஆசைப்பட்ட மூணு பேர்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது. இந்தத் தடவை சினிமா இல்ல, கிரிக்கெட் இல்ல. பெல்ஜியம். பிரஸ்ஸல்ஸ் நகரத்துல 1978-ல ஆரம்பிச்ச டெலெக்ஸ்ங்கிற எலெக்ட்ரானிக் இசைக்குழு. "யாருப்பா இவங்க"ன்னு நீங்க கேக்கிறது காதுல விழுது. கொஞ்சம் பொறுங்க.

யூரோவிஷன்னு ஒரு பாட்டுப் போட்டி இருக்கு. ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பும். டிவில நேரடி ஒளிபரப்பு. எல்லாரும் பாடி முடிச்சதும் ஒவ்வொரு நாடும் மத்த நாடுகளுக்கு மார்க் போடும். 1974-ல அபா குழு 'வாட்டர்லூ' பாடி ஜெயிச்சது இங்கதான். (அந்த வாட்டர்லூ ஊரே பெல்ஜியத்துலதான் இருக்கு, பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்துல. சும்மா கொசுறு :-)) பளபள டிரெஸ், பெரிய ஆர்கெஸ்ட்ரா, உருகி உருகிப் பாடுற ஆளுங்க, அந்தக் காலத்துல இதான் அந்த மேடை.

1980 ஏப்ரல் 19, நெதர்லாந்தோட தி ஹேக் நகரம். 19 நாடு கலந்துக்கிட்ட அந்த வருஷம் பெல்ஜியம் சார்புல டெலெக்ஸ் போனாங்க. பாட்டோட பேரு 'யூரோ-விஷன்'. அதாவது யூரோவிஷன் போட்டிக்குப் போய், யூரோவிஷன் போட்டியைப் பத்தியே ஒரு பாட்டு! ரெண்டு பேர் சிந்தசைசர் பக்கத்துல அசையாம நிக்கிறாங்க. பாடுறவர் கழுத்துல வெள்ளைத் துண்டு மாதிரி ஒரு ஸ்கார்ஃப், முகத்துல ஒரு உணர்ச்சியும் கிடையாது. பாட்டு முடியுது. கூட்டத்துக்குக் கைதட்டறதா வேண்டாமான்னு தெரியல. பாடுனவர் ஒரு கேமராவை எடுத்து அந்த முழிச்ச கூட்டத்தையே போட்டோ புடிக்கிறார்.

கடைசி இடம் வரணும்ங்கிறதுதான் எங்க ஆசைன்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. அதுவும் நடக்கல. போர்ச்சுகல்காரங்க என்ன நெனச்சாங்களோ, தூக்கி 10 மார்க் குடுத்துட்டாங்க. மொத்தம் 14 மார்க், 17-வது இடம். தோக்கணும்னு போய் அதுலயும் தோத்துட்டு வந்தாங்க.

இந்தக் கதையோட நிறைய பேர் டெலெக்ஸை மூட்டை கட்டிடுவாங்க. காமெடி பீஸு, ஒரு ஜோக்கு, முடிஞ்சது. எனக்கு அப்படித் தோணல. ஜோக் பண்றவங்க பாட்டு ரெண்டாவது தடவை கேட்டா சலிச்சுடும். இவங்க பாட்டை நான் நூறு தடவைக்கு மேல கேட்டுட்டேன்.

முதல்ல ஆளுங்க யாருன்னு பாத்துடலாம். மார்க் மூலான் ஜாஸ் பியானோ வாசிக்கிறவர், ரேடியோக்காரர். எழுபதுகள்ல பிளாசிபோன்னு ஒரு ஜாஸ் குழு வச்சிருந்தார் (இங்கிலாந்து ராக் குழு பிளாசிபோ இல்ல, அவங்க பின்னாடி வந்தவங்க). 1975-ல தனியா 'சாம் சுஃபி'ன்னு ஒரு ஆல்பம் போட்டார். அதைக் கேட்டுப் பாருங்க, மனுஷன் விரல்ல அவ்வளவு சூடு இருக்கும். ரெண்டாவது டான் லாக்ஸ்மான். சவுண்ட் இன்ஜினியர், சிந்தசைசர் பைத்தியம். மோக் மாடுலர்னு பீரோ சைஸ்ல ஒரு ராட்சசன் வருமே, அதை வச்சிருந்தவர். மூணாவது மிஷேல் மூர்ஸ், கட்டடக்கலை படிச்சவர். யூரோவிஷன்ல போட்டோ புடிச்ச பாடகர் இவர்தான்.

குழு ஆரம்பிக்கும்போது மூலானுக்கு வயசு 36. காலேஜ் பசங்க கராஜ்ல கிட்டார் புடிச்ச கதை இல்ல இது. நல்லா வாசிக்கத் தெரிஞ்ச, ஃபீல் குடுக்கத் தெரிஞ்ச ஆளுங்க யோசிச்சு முடிவெடுத்து அதை விட்டுட்டு வந்தாங்க. கிட்டார் வேண்டாம், ராக் ஸ்டார் பந்தா வேண்டாம், ஊர் ஊரா கச்சேரி வேண்டாம். பேரு கூட ஒரு ஆபீஸ் மிஷினோட பேரு. ஃபேக்ஸ் வர்றதுக்கு முன்னாடி கம்பெனிகளும் செய்தி நிறுவனங்களும் கம்பி வழியா டைப் பண்ணி அனுப்புவாங்களே, அந்த டெலெக்ஸ்.

முதல் சிங்கிள் 1978-ல, 'ட்விஸ்ட் ஆ சான்-ட்ரோபே'. அறுபதுகள்ல பிரான்ஸ்ல குத்தாட்டம் போட வச்ச பழைய பாட்டு. டெலெக்ஸ் அதை எடுத்து, வேகத்தைக் குறைச்சு, மிஷினுக்கு நடுவுல வச்சுப் பாடினாங்க. அடுத்து கை வச்சது பில் ஹேலியோட 'ராக் அரவுண்ட் தி கிளாக்'. 1954-ல வந்து உலகம் முழுக்க இளசுகளை எழுப்பி ஆட வச்ச பாட்டு. ராத்திரி முழுக்க ஆடுவோம்ங்கிறதுதான் பாட்டோட விஷயமே. டெலெக்ஸ் வெர்ஷன்ல அதே பாட்டு, வோக்கோடர் குரல்ல, தூக்கக் கலக்கத்துல நடக்கிற மாதிரி வருது. நாள் முழுக்க ஆடி முடிச்ச ரோபோவுக்கு பேட்டரி தீரப் போகுது, ஆனா ப்ரோக்ராம் நிறுத்த விட மாட்டேங்குது. அப்படி ஒரு சோகம். அந்தக் கூத்து 1979-ல இங்கிலாந்து சிங்கிள்ஸ் பட்டியல்ல 34-வது இடம் வரைக்கும் போச்சு.

இதை ரூம்ல போட்டப்போ என் ரூம்மேட் தலையைத் தூக்கி, "டேய், லேப்டாப் ஹேங் ஆயிடுச்சா? பாட்டு இழுக்குது"ன்னான். இல்லடா, பாட்டே இப்படித்தான்னேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "மியூசிக் ஓகே. ஃபீல் இல்லையே"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டான்.

ஃபீல் இல்லையாங்கிற அந்தக் கேள்விதான் இத்தனையும் எழுத வைக்குது. இந்த வருஷம் எங்களுக்கு பிளேஸ்மெண்ட் ட்ரெயினிங். மாக் இன்டர்வியூ முடிஞ்சதும் எனக்குக் கிடைச்ச கமெண்ட் ஒரே வார்த்தை: எனர்ஜி பத்தல. பதில் சரி, புரோகிராம் சரி, குரல்ல உற்சாகம் இல்லையாம். கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகுன்னாங்க. என் குரல் பொறந்ததுல இருந்து இப்படித்தான் சார், மெதுவா, ஒரே சுருதியில. ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னும் பாத்தேன். அங்க தெரிஞ்ச ஆளை எனக்கே புடிக்கல. அந்த வாரத்துலதான் மிஷேல் மூர்ஸ் குரலைத் தொடர்ந்து கேட்டேன். ரயில் டைம்டேபிள் படிக்கிற மாதிரி பாடுவார். ஒரு இடத்துலயும் கெஞ்ச மாட்டார், இங்க நீ அழணும், இங்க நீ ஆடணும்னு உன்னைப் புடிச்சுத் தள்ள மாட்டார். நீயே வந்தா வா, அவ்வளவுதான்.

1979-ல வந்த முதல் ஆல்பம் 'லுக்கிங் ஃபார் சான்-ட்ரோபே'ல இருக்கிற 'மாஸ்கோ டிஸ்கோ' பாட்டைப் பத்தித் தனியா சொல்லியே ஆகணும். ரயில் பாட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி, 1977-ல, பக்கத்து நாட்டு க்ராஃப்ட்வெர்க் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' போட்டிருந்தாங்க. அது இரும்பு மாதிரி கம்பீரமா போற ஜெர்மன் ரயில். டெலெக்ஸ் ரயில் வேற ஜாதி. புஸ்ஸு புஸ்ஸுன்னு நீராவி, கூக்குனு விசில், எல்லாமே சிந்தசைசர்ல செஞ்சது. மாஸ்கோவுக்குப் போற வண்டியில டிஸ்கோ நடக்குதாம்! பனிப்போர் காலத்துல இப்படி ஒரு கற்பனை.

அந்தக் கால மிஷின்கள்ல ஒரு கஷ்டம் இருந்துச்சு. மோக் மாடுலர்ல ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் வரும். கார்டு வேணும்னா ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா டேப்ல பதிஞ்சு அடுக்கணும். ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சா அதை சேவ் பண்ண பட்டன் கிடையாது. வயரைப் புடுங்குனா போச்சு. சீக்வென்சர்னு ஒரு பெட்டி வரிசையா வோல்டேஜை அனுப்பும், அதுக்கேத்த மாதிரி ஸ்வரம் மாறும். அதனால எதைச் சேர்க்கிறதுன்னாலும் இது நிஜமா வேணுமான்னு ஒரு கேள்வி தானா வந்துடும். டெலெக்ஸ் பாட்டுல வேண்டாத சாமான் இல்லாததுக்கு அது பாதி காரணம்னு நெனைக்கிறேன். மீதி பாதி அவங்க குணம். இன்னைக்கு என் லேப்டாப்ல இலவசமா நூறு சிந்தசைசர் இருக்கு, உருப்படியா ஒரு டியூன் வரல :-(

அதே 1979-ல மூலானும் லாக்ஸ்மானும் சேர்ந்து லியோன்னு ஒரு டீனேஜ் பொண்ணுக்கு 'பனானா ஸ்ப்ளிட்'னு ஒரு பாட்டுத் தயாரிச்சாங்க. சூப்பர் ஹிட். ஆக, ஹிட் குடுக்கத் தெரியாமல்லாம் இல்ல.

1980-ல 'நியூரோவிஷன்'. பேரைப் பாத்தாலே தெரியும், யூரோவிஷனோட நரம்புத் தளர்ச்சியைக் கலந்த பேரு. என் கணக்குல இவங்களோட உச்சம் இதுதான். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனோட 'டான்ஸ் டு தி மியூசிக்'கையும் இதுல குளிர வச்சிருக்காங்க.

1981-ல அமெரிக்காவோட ஸ்பார்க்ஸ் குழு, அதாவது ரான், ரஸ்ஸல் அண்ணன் தம்பி, பாட்டு வரி எழுதிக் குடுக்க ஒரு ஆல்பம் வந்துச்சு. ஆல்பம் பேரு 'செக்ஸ்'. (பென்டிரைவ்ல இந்த ஃபோல்டரைப் பாத்துட்டு ஆசையா காப்பி பண்ணிட்டுப் போன நண்பர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.) வரிகள் புத்திசாலித்தனமா இருக்கு, பாட்டுகள் ஒழுங்கான பாப் பாட்டா இருக்கு. ஆனா ஜோக் வரிக்குள்ள போயிடுச்சு. முன்னாடி சத்தமே சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கு அந்த வித்தியாசம் பெருசா பட்டுச்சு. 1984-ல 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்', அது எனக்கு ஒட்டவே இல்ல. 1988-ல 'லூனி டியூன்ஸ்', சாம்ப்ளர் வந்த காலம், மூட்டையைப் பிரிச்சுக் கொட்டின மாதிரி சத்தம். அதோட நீண்ட மௌனம்.

அதே சமயம் பெல்ஜியம் கிளப்கள்ல ஒரு வேடிக்கை நடந்துச்சு. ஏ ஸ்ப்ளிட் செகண்ட்ங்கிற குழுவோட 'ஃபிளெஷ்' ரெகார்டை 45 வேகத்துல ஓட்டறதுக்குப் பதிலா 33-ல ஓட்டி, பிட்ச்சை மட்டும் எட்டு சதவீதம் ஏத்தி வச்சாங்க. கனமா, மந்தமா ஒரு சத்தம் வந்துச்சு, கூட்டம் அதுக்கு ஆடுச்சு. எண்பதுகளோட கடைசியில நியூ பீட்னு நாடே அதுல மூழ்குச்சு. டெலெக்ஸைப் பாத்துத்தான் செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா வேகத்தைக் குறைச்சா ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு கேக்கும்ங்கிறதை அந்த ஊர்ல பத்து வருஷம் முன்னாடியே மூணு பேர் செஞ்சு காட்டியிருந்தாங்க.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு வேலை. லாக்ஸ்மான் 1992-ல உலகமெல்லாம் ஓடின 'டீப் ஃபாரஸ்ட்' ஆல்பத்தைத் தயாரிச்சார். (சாலமன் தீவுத் தாலாட்டு ஒண்ணை எடுத்து பீட் போட்டாங்களே, அதான். அதைப் பாடுனவங்களோட குரலை எடுத்த விதம் எனக்கு உறுத்தல்தான், அது தனிக் கதை.) மூலான் 2001-ல ப்ளூ நோட் கம்பெனியில 'டாப் சீக்ரெட்' போட்டார்.

2006-ல திரும்பி வந்தாங்க, 'ஹவ் டு யூ டான்ஸ்?'. கேன்ட் ஹீட்டோட 'ஆன் தி ரோட் எகெய்ன்' பாட்டை எடுத்து, பழையபடி எல்லாத்தையும் கழிச்சுக் கழிச்சு எலும்பாக்கினாங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு, குரல் இன்னும் தாழ்ந்துடுச்சு, அது இன்னும் பொருந்திடுச்சு. அந்தச் சமயத்துல டெபஷ் மோடுக்கும் பெட் ஷாப் பாய்ஸுக்கும் ரீமிக்ஸ் பண்ணிக் குடுத்தாங்க. ஒரு காலத்துல இவங்களைக் காமெடி பீஸுன்னு தள்ளுனாங்களே, கேட்டுக்கிட்டு வந்தது யார்னு பாருங்க.

2008 செப்டம்பர் 26-ல மூலான் இறந்துட்டார். புற்றுநோய். அதோட டெலெக்ஸும் முடிஞ்சது. வேற ஆளைச் சேர்த்துக்கிட்டு ஊர் சுத்தல.

2021-ல மியூட் கம்பெனி 'திஸ் இஸ் டெலெக்ஸ்'னு ஒரு தொகுப்பு போட்டாங்க. மியூட்டை ஆரம்பிச்ச டேனியல் மில்லரும் லேசுப்பட்ட ஆள் இல்ல. 1980-ல 'சிலிக்கான் டீன்ஸ்'னு இல்லாத ஒரு குழுவுக்குப் பேர் வச்சு, பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை சிந்தசைசர்ல பாடினவர். ஒரே மாதிரி கிறுக்கு, நாப்பது வருஷம் கழிச்சு ஒண்ணு சேர்ந்துச்சு.

அந்தத் தொகுப்புல அதுவரைக்கும் வெளிவராத பாட்டு ஒண்ணு, பீட்டில்ஸோட 'டியர் ப்ரூடன்ஸ்'. 1968 பாட்டு. இந்தியாவுக்கு, ரிஷிகேஷுக்கு, தியானம் பழகப் போன இடத்துல ஒரு பொண்ணு அறையை விட்டு வெளிய வராமலே இருக்க, அவளைக் கூப்பிட்டு ஜான் லெனன் எழுதினது. டெலெக்ஸ் இதுல கிண்டல் பண்ணவே இல்ல. மெதுவா, அதே தாழ்ந்த குரல், சத்தமே போடாம கூப்பிடுறாங்க. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு ஸ்பீக்கர்ல போட்டேன். ரூம்மேட் முழிச்சுத்தான் இருந்தான். பாட்டு முடிஞ்சதும் "இன்னொரு தடவை போடு"ன்னான்.

கேக்கணும்னு தோணுறவங்க 'மாஸ்கோ டிஸ்கோ'ல ஆரம்பிங்க, அடுத்து 'ராக் அரவுண்ட் தி கிளாக்'. யூரோவிஷன் வீடியோவை மூணாவதா பாருங்க, முதல்ல பாத்தா ஜோக்குன்னே முடிவு பண்ணிடுவீங்க. 'டியர் ப்ரூடன்ஸ்' கடைசியா. போர்ச்சுகல்ல இருந்து யாராவது இதைப் படிச்சா, அந்த 10 மார்க் ஏன் குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு இன்னொரு மாக் இன்டர்வியூ இருக்கு, நான் தூங்கப் போறேன்.