வலையில்லாத குளம்

ஜப்பானியர் தம் இல்லங்களில் விருந்தினரை வரவேற்கும் அறையின் மாடத்தில் சுருள் ஓவியம் ஒன்றைத் தொங்கவிடுவது மரபு. பருவத்திற்கேற்ப அதனைச் சுருட்டி வைத்து வேறொன்றை மாட்டுவர். அவர்கள் விரும்பித் தீட்டியவற்றுள் ஒன்று, அருவியை எதிர்த்தேறும் கெண்டை மீன். விடாமுயற்சிக்கு அது உவமை.

ஓவிய மீனைக் காண நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், சமணர் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் உண்டு. மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், மலர் கொய்யும் மனிதர் மூவர் என அனைத்துயிரும் ஒரே நீரில் கூடியிருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. நம்மூர்ப் பெயரைத் தாங்கியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி அன்பு.

கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றபோது ஓர் எண்ணம் எழுந்தது. பாண்டியரின் கொடியிலும் காசிலும் மீன் ஆட்சியின் சின்னம். நம் நற்செய்தியில் மீன் பெரும்பாலும் வலையோடு வருகிறது. உரோமை நிலவறைக் கல்லறைகளில் அப்பக் கூடையோடு காட்சி தருகிறது. இக்குளத்திலோ தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை. புலால் உண்ணாத அறத்தார்க்காகத் தீட்டப்பட்ட மீன்கள் இவை. தனக்கு எப்பயனும் தராத உயிரையும் இத்தனை பரிவோடு நோக்க முடியுமா? படைப்பனைத்தையும் நல்லதெனக் கண்ட இறைவனின் பார்வையைத் தொடக்கநூலில் பலமுறை விளக்கிப் பேசியிருக்கிறேன். அன்று அதனைக் கண்ணால் கண்டதுபோல் இருந்தது.

மீன் உண்பது தவறென்று நான் சொல்லவில்லை. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், சாதி சமயம் பாராது அனைவரும் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி இறங்குவர். விராலும் கெளுத்தியும் கிடைத்தவர்க்குக் கிடைத்தபடி. அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு மணக்கும். அடுத்த ஆண்டு மழை பொழிய வேண்டும் என்ற வேண்டுதலும் அதனுள் அடங்கும். இதுவும் பரிவின் ஒரு வடிவமே.

ஆனால், அன்பர்களே, கண்மாய் இருந்தால்தானே திருவிழா? வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. நகரையொட்டிய நீர்நிலைகள் பல வீட்டு மனைகளாயின. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டை பெருகிய இடங்களில் நாட்டு மீன்கள் அருகின. மனை வாங்கியோருள் நம் பங்கு மக்களும் உண்டு. புதுமனைகளை மந்திரித்தவர்களுள் நம் குருக்களும் உண்டு. வீடின்றி வாழ இயலாது என்பதும் உண்மை. ஆகவே எவரையும் பழித்துப் பயனில்லை. எஞ்சிய கண்மாய்க்கு நீர் வரும் வழியை ஆண்டுக்கொரு முறையேனும் மண்வெட்டியோடு சென்று திறந்துவிடுவது பயன் தரும்.

சித்தன்னவாசல் ஓவியத்தின் பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. எஞ்சியதைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. பாறையில் எழுதிய மீனுக்கு நீர் தேவையில்லை. நம் கண்மாய் மீனுக்குத் தேவை. அதனைக் காக்கும் பொறுப்பு கரையில் வாழும் நம்முடையது.